ஏழு பொத்தான்கள்

தாம்பரே நகரில் நவம்பர் வந்துவிட்டால்
மதியம் மூன்றரைக்கே விளக்குப் போட வேண்டும்.
போட்டோம். சைமி சிரித்தாள்:
"எனக்காக என்றால் வேண்டாம்,
மின்சாரமாவது மிச்சமாகட்டும்."

நாங்கள் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை.
ஒரு குடியிருப்பின் சவுனா அறைக்கு
முறை பதிந்துகொள்ள ஒரு செயலி.
வாரத்துக்கு ஏழு வட்டம்.
காலி என்றால் பச்சை, நிரம்பினால் சிவப்பு.
அந்தப் பச்சையைத் தேர்ந்தெடுக்க
எர்க்காவுக்கு நான்கு நாள் ஆனது.
வெறும் பாசி இல்லையாம்,
மழை விட்ட பிறகான பாசியாம்.

வெள்ளிக்கிழமை வெளியீடு.
வியாழன் மதியம் ஒரு மணி நேரத்தை
'அணுகல் சோதனை' என்று பலகையின் வலது ஓரத்தில் ஒட்டியிருந்தோம்,
இலை எடுக்கும்போது வைக்கிற ஊறுகாய் மாதிரி.

சைமி அந்தக் குடியிருப்பின் பி வாசலில் இருப்பவள்.
சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பவள்.
மணிக்கு இவ்வளவு என்று
முன்பே பேசிக்கொண்டுதான் வந்தாள்.
போனை மேசையில் வைத்து
விரலால் வலப்பக்கம் ஒரு தள்ளு.

பொத்தான், என்றது குரல்.

இன்னொரு தள்ளு.
பொத்தான்.
பொத்தான்.
பொத்தான் பொத்தான் பொத்தான்.
ஏழாவதற்கும் அதே பெயர்.

"இதில் வியாழன் எது?"

யாரும் வாய் திறக்கவில்லை.
திரையில் எர்க்காவின் பாசி
பளபளவென்று இருந்தது.

பிறகு அவள் குரலைத்
தன் வழக்கமான வேகத்துக்கு ஏற்றினாள்.
எங்களுக்கு அது தகரத்தில் கொட்டிய ஆலங்கட்டி,
அவளுக்கு வாக்கியம்.
அந்த அறையிலேயே வேகமாகப் படிப்பவள் அவள்தான்,
படிக்க நாங்கள்தான் ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

அடுத்தது யல்மாரி. பேருந்து ஓட்டியவர்.
வலது கை ஒரு கணம் சும்மா இருக்காது.
வீட்டு எண்ணைத் தட்டினார், தவறினார், அழித்தார்,
மறுபடி தட்டினார்.
கடைசி இலக்கத்துக்கு விரல் போகும்போது
'நேரம் முடிந்தது' என்று மூடிக்கொண்டது திரை.

தொண்ணூறு விநாடி.
அந்தத் தொண்ணூறை எழுதியவன் நான்.
ஏன் தொண்ணூறு என்று கேட்டால்,
ஒரு ராத்திரி, பசி,
ஏதாவது ஒரு எண் வேண்டியிருந்தது.

"மன்னிக்கணும், நான் கொஞ்சம் மெதுவு," என்றார்.
கேட்க வேண்டியவன்
காபிக் கோப்பையின் பிடியைத்
தடவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாமே
என்று இழுத்தாள் வில்யா.
"அதுவரை எனக்கு வியாழக்கிழமையே வராதா?"

அந்தக் காலத்தில் மாடிப்படி ஓரம்
ஒரு தாள், நூலில் கட்டிய பென்சில், எவ்வளவு எளிது
என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள்.
"அதையும் நான் படித்ததில்லை," என்றாள் சைமி.

வெள்ளிக்கிழமை எதுவும் வெளியாகவில்லை.
மூன்று வாரத் தாமதம்,
வாடிக்கையாளரின் இரண்டு கடுமையான கடிதம்.
வலது ஓரத்துச் சீட்டைப் பிடுங்கி
இடது ஓரத்தில் ஒட்டினோம். பசை போய்விட்டிருந்தது,
இரண்டு முறை விழுந்தது.

இப்போது திங்கள் காலையிலேயே சைமி வந்துவிடுகிறாள்,
நிறம் வருவதற்கு முன்னால்,
இன்னும் பென்சில் கோடாக இருக்கும்போதே.
இதற்கு என்ன பெயர், என்பாள்.
எர்க்கா தலையைச் சொறிவான்.
பெயர் கிடைக்காத இரண்டு பொத்தான்களை
வரையாமலே விட்டோம்.
ஒருவரும் தேடவில்லை.

என் தொண்ணூறு போய்விட்டது.
அந்த இடத்தில் எண் எதுவும் இல்லை.

டிசம்பரில் ஒரு நாள் சைமியின் அழைப்பு.
போன் வாசிப்பதைக் கேள் என்றாள்.
வேகத்தைக் குறைத்து, எனக்காக:

வியாழன். மாலை ஏழு மணி.
நிரம்பியது. பதிந்தவர், யல்மாரி.

"அந்தக் கிழவன் என்னை முந்திவிட்டான்!"

அன்று அவள் திட்டிய திட்டில்
ஒரு வார்த்தைகூட
எங்களுக்கானது இல்லை.